செம்பருத்தி பூக்கட்டும் என்றார் அப்பா

என் வீட்டு முற்றத்தில், ஒரு சட்டியில், செம்பருத்திச் செடி ஒன்று ஒற்றைக் குச்சியாக வளர்ந்து நிற்கிறது. போன மாதம் எதிர்வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டுக் கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "டீச்சர், இதப் பாருங்க. சின்னச் செடியா இருக்கிறப்பவே நுனியக் கிள்ளி விட்டா நல்லா அடர்த்தியா வருமாம்." அதில் யாரோ ஒருவர் ஒரு செடியின் தலையைக் கிள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கிள்ளுவதைப் பற்றி எனக்குப் பாடம்! தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு! "பாப்போம் பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று முழுவதும் எரிச்சல் தீரவில்லை.

என்னோடு ஓய்வுபெற்று, இப்போது முழங்கால் வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிற உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். என் பிள்ளைகளிடம் சொன்னால் "ஒரு செடிக்கா இவ்வளவு கோபம்?" என்பார்கள். ஆமாம், ஒரு செடிக்குத்தான். அந்தக் கோபத்துக்கு வயது ஐம்பது ஆகப்போகிறது.

பசறைக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், அதுதான் லயம். அதில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. வயதான தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மறுபடி துளிர்க்க வைப்பார். கன்றுச் செடியின் தலையை வெட்டி, பக்கங்களில் படர வைப்பார். அவர் வெட்டிய மலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் பாய் விரித்தது மாதிரி மட்டமாக இருக்கும். அம்மா கொழுந்து எடுப்பாள். அவர்களுக்குக் கீழே அக்கா, நான், தம்பி.

அது ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். மாவு கிடைக்காது, சீனி கிடைக்காது. மரவள்ளிக் கிழங்கை ஏதோ பெரிய விருந்து மாதிரி எடுத்துவைத்துத் தின்றோம். இதை நான் அப்பாவுக்காகத்தான் சொல்கிறேன். பிறகு நான் அவரைத் திட்டும்போது நீங்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருடத்தோடு அக்காவுக்குத் தோட்டத்துப் பாடசாலை முடிகிறது. அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. படிக்க வேண்டுமானால் பதுளைக்குப் போக வேண்டும். ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்புகளையும் வைத்து மேய்த்துக்கொண்டிருந்த மாஸ்டர், அக்காவைப் பதுளைப் பாடசாலையில் சேர்த்தே தீருவது என்று நின்றார். அவருடைய மனைவியின் தாய்வீடு பதுளையில். தங்குவது அங்கே, சாப்பாடும் அங்கே. அப்பா தலையை ஆட்ட வேண்டியதுதான் பாக்கி.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், இதற்கு மட்டும் ஆட்டவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம் மாஸ்டர்" என்பார். மழை வரட்டும், மழை விடட்டும், தம்பி கொஞ்சம் நடக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒன்று.

சித்திரை மழையில் மாஸ்டர் அக்காவுக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். ஈரச் சாக்கில் சுற்றிய செம்பருத்திக் குச்சிகள். லயத்தைச் சுற்றிச் சாதாரணச் சிவப்புச் செம்பருத்தி ஏராளமாக உண்டு. கக்கூசுக்குப் போகிற வழியெல்லாம் அதுதான். "இது அது இல்ல. அடுக்குச் செம்பருத்தி. என்ன நெறம்னு சொல்ல மாட்டேன், பூக்கிறப்ப நீயே பாத்துக்க" என்றார். மற்றக் குச்சிகள் அழுகிப்போயின, ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டது. எங்கள் காம்பராவின் வாசலில், படிக்குப் பக்கத்திலேயே அது துளிர்த்தது.

அடுத்த முறை மாஸ்டர் வந்தபோது அப்பா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் பேச்சை எடுத்தார். அப்பா கத்தியைத் திருப்பிப் பார்த்தார், செடியைப் பார்த்தார், சிரித்தார்.

"நீங்க குடுத்த செடி மொதல்ல பூக்கட்டும் மாஸ்டர். பூத்த அன்னைக்கே பொட்டியக் கட்டி அனுப்பிடுறேன்."

"வாக்குத்தானே?"

"வாக்குத்தான்."

மாஸ்டர் சிரித்தார். தேநீர் கொண்டுவந்த அம்மாவும் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. சொன்ன வாக்கை அப்பா மீறியதாக லயத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் பால்மா டின்னில் தண்ணீர் எடுத்துக்கொண்டு செடிக்குப் போனவள்தான், அந்த வருடம் முழுவதும் அவளுக்கு வேறு சாமி கிடையாது.

இனி நடந்த கூத்தைக் கேளுங்கள். ஆடு மாடு வந்து தின்றிருந்தால்கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வராது. மாலையில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வருவார்கள். எங்கள் வாசலில் நின்று அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசாமல் யாரும் போவதில்லை. வாய் பேசிக்கொண்டே இருக்கும், விரல் கிள்ளிக்கொண்டே இருக்கும். பத்து வயதிலிருந்து இளந்துளிரைக் கண்டால் கிள்ளிப் பழகிய விரல்கள். கண் பார்க்க வேண்டியதில்லை, மனசு நினைக்க வேண்டியதில்லை. துளிர் தட்டுப்பட்டால் முடிந்தது. கிள்ளியதைக் கூடையில் போடுவதாக நினைத்துத் தோளுக்குப் பின்னால் வீசுவார்கள். முதுகில் கூடை இருக்காது. எடை போடுகிற கொழுந்து மடுவத்திலேயே இறக்கி வைத்திருப்பார்கள். செம்பருத்தித் துளிர் மண்ணில் விழும்.

பக்கத்துக் காம்பரா அத்தைதான் எல்லாரையும்விட மோசம். அக்கா உள்ளேயிருந்து ஓடிவருவாள்.

"அத்தே! கிள்ளாதீங்க அத்தே!"

"அடியாத்தி, நானா கிள்ளுனேன்?"

தன் விரலையே வேறு யாருடையதோ மாதிரிப் பார்ப்பாள் அத்தை. அவள் மனம் வருந்துவது உண்மைதான். இரண்டு நிமிடம் கழித்து அடுத்த துளிரில் கை வைப்பாள், அதுவும் உண்மைதான். அம்மாவும் சளைத்தவள் இல்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கிள்ளுவாள்.

அக்கா எலுமிச்சை முள்ளை வெட்டி வேலி வைத்தாள். முள்ளுக்கு மேலாகக் கை வந்தது. சாணத்தைக் கரைத்துத் துளிர்களில் தெளித்தாள். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் "வாசல்ல கால் வைக்க முடியல, மாட்டுப் பட்டியா இது?" என்று அம்மா ஒரு வாளித் தண்ணீரால் எல்லாவற்றையும் கழுவி விட்டாள். பிறகு அக்கா உடைந்த பீங்கான் பூச்சுத் தட்டு ஒன்றைக் கரண்டியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டாள், கை பட்டால் சத்தம் கேட்கட்டும் என்று. ஆடி மாதக் கச்சான் காற்றுக்கு அது விடாமல் அடித்தது. தம்பி தூங்காமல் கத்தினான், தட்டும் போயிற்று. எத்தனை இடத்தில் பிறகு தேடியிருக்கிறேன், நீல விளிம்பு போட்ட அந்தத் தட்டை.

இத்தனைக்கும் நடுவில் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலிலிருந்து வந்து பார்த்தால், செடியின் நடுத்தண்டு முழங்கால் உயரத்தில் நின்றது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் தரையில் கிடந்தது. அப்பா வெட்டுவாயில் சாணம் பூசிக்கொண்டிருந்தார், குழந்தைக்கு மருந்து போடுகிற மாதிரி.

அக்கா போட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்தது.

"எதுக்குடி கத்துற? எளஞ்செடிய இப்புடி ஒசர விட்டா ஒத்தக் குச்சியா நிக்கும். காத்துக்கு முறியும். தலைய எடுத்து விட்டாத்தான் பக்கத்துல துளிர் வெடிக்கும். சின்னச் செடிக்குப் பூ எதுக்கு? மொதல்ல ஒடம்பு சேரட்டும்."

"தையில பதுளைப் பள்ளிக்கூடம் தொடங்கிரும். அதுக்குள்ள பூக்கணும்ப்பா."

"பூக்கும், பூக்கும். அவசரப்படாத."

அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பல வருடம் கேட்டுப் பார்த்தேன். இல்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் நிம்மதியாக அவரை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். வாழ்நாள் முழுவதும் இலைக்காக மட்டுமே செடி வளர்த்த மனிதர் அவர். தேயிலையில் பூ வந்தால் அது செடிக்குக் கேடு, வெட்டு தப்பிவிட்டது என்று அர்த்தம். பூவுக்காக ஒரு செடியை விட்டு வைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே அன்பை அந்தச் செடிக்குக் காட்டினார், கத்தியால்.

ஐப்பசி மழை தொடங்கியபோது எங்கள் வாசல் செம்பருத்தி பார்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. அடர்த்தி என்றால் அப்படி ஒரு அடர்த்தி. மேலே ஒரு கோப்பைத் தேநீரை வைத்தால் சிந்தாது. காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற வழியில் கங்காணியே நின்று பார்த்தார். "செடின்னா இப்புடி இருக்கணும்" என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பூ மட்டும் இல்லை. மொட்டுகூட இல்லை. கக்கூஸ் வழியில் யாரும் தண்ணீர் ஊற்றாத, யாரும் கவனிக்காத சிவப்புச் செம்பருத்தி தினமும் பூத்துக் கொட்டியது. அதன் பக்கமாகப் போகும்போதெல்லாம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மார்கழி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாள் அக்கா என் பின்னந்தலையைப் பிடித்துச் செடிக்குள் அழுத்தினாள்.

"பாரு. பேசாத."

உள்ளே இருட்டாக இருந்தது, ஈர மண் வாசனை. அடியில், யார் கையும் எட்டாத ஒரு சின்னக் கொப்பில் பச்சையாக ஒரு மொட்டு.

"யாருக்கும் சொல்லக் கூடாது. சொன்னா எல்லாரும் தொட்டுப் பாப்பாங்க. தொட்டா கிள்ளிருவாங்க."

நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. மொட்டு பெருத்துக்கொண்டே வந்தது. மாஸ்டரின் மனைவி தன் பழைய வெள்ளைச் சேலை ஒன்றைக் கொடுத்திருந்தார். அதை வெட்டி, அக்கா கையாலேயே ஒரு பாடசாலைச் சட்டை தைத்துவிட்டாள். தான் வளர்ந்துவிடுவோம் என்று அடியில் நிறைய மடித்து விட்டிருந்தாள். பாடசாலையில் பெயர் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவாகக் கேட்டுக்கொண்டு போவதாக மாஸ்டர் சொல்லியனுப்பினார். மொட்டு அதற்கு முன்பே விரிந்துவிடும் என்று அக்கா சொன்னாள். வெள்ளிக்கிழமை அதன் நுனி கொஞ்சம் இளகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சட்டையைத் துவைக்க அக்காவும் நானும் தண்ணீர்ப் பீலிக்குப் போனோம். திரும்பி வரும்போது அவள் ஈரச் சட்டையை விரித்துப் பிடித்தபடி நடந்தாள், வழியிலேயே காயட்டும் என்று. வாசலில் அப்பா வியர்த்து நின்றார். கையில் கவ்வாத்துக் கத்தி. கொழுந்தெடுக்கும்போது மட்டம் பார்க்கிற அம்மாவின் கம்பு செடி மேல் படுக்கையாக இருந்தது.

"மாஸ்டர் வர்றாருல்ல. அவரு குடுத்த செடி, கண்டபடி நின்னா நமக்குத்தான் கேவலம். மேல மட்டம் பண்ணிட்டேன். உள்ளுக்குள்ள வெளிச்சம் படணும்னு அடிக்கொப்பெல்லாம் சுத்தமா எடுத்துட்டேன். எப்புடி?"

அக்கா சட்டையை என்னிடம் தந்தாள். வெட்டிக் குவித்த கொப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அப்பா "என்னா தேடுற?" என்று இரண்டு முறை கேட்டார்.  மொட்டு கிடைத்தது. நுனி பிளந்து, உள்ளே மஞ்சள் தெரிந்தது. இத்தனை மாதமாக எங்களுக்குத் தெரியாத நிறம் மஞ்சள்.

மாஸ்டர் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பா செடியைக் காட்டுவதற்கு முன்பே, அக்கா மொட்டைக் கொண்டுபோய் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"பூத்திருச்சு மாஸ்டர்."

அப்பா குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அது நடிப்பு இல்லை.

"இது எங்கடி இருந்துச்சு? சொல்லியிருந்தா கத்திய வச்சிருப்பேனா?"

"மொட்டும் பூதாங்க" என்றார் மாஸ்டர். "நீங்க வாக்குக் குடுத்தீங்க."

 அப்பா மொட்டைக் கையில் எடுத்தார், வைத்தார். அம்மா அடுப்படியை விட்டு வந்து கதவோரம் நின்றாள். அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"மாஸ்டர், ஒங்ககிட்ட மறைக்க என்னா இருக்கு? மூணையும் படிக்க வைக்க என்னால ஆகாது. ஒண்ணுதான் மேல போகணும்னு விட்டா, மத்த ரெண்டும் காஞ்சு போகும்." கத்தியின் நுனியால் என்னையும், தரையில் தவழ்ந்துகொண்டிருந்த தம்பியையும் காட்டினார். "தலக்கொழுந்தக் கிள்ளுனாத்தான் பக்கம் வெடிக்கும். இவ அம்மாகூட மலைக்குப் போகட்டும். இந்த ரெண்டும் படிக்கும். தொழில் தெரிஞ்சவன் சொல்றேன்."

"ஏங்க, செடியும் புள்ளையும் ஒண்ணாங்க?" என்றாள் அம்மா.

"ரெண்டும் வளர்றதுதானே?"

இதற்கு யாராவது ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். மாஸ்டர் சொல்லியிருக்க வேண்டும், படித்தவர். அம்மா இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். இன்று நானே நூறு பதில் சொல்வேன். அன்று மாஸ்டர் தேநீரைக் குடித்தார். குடிக்காமல் எழுந்து போயிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முழுவதும் குடித்துவிட்டு, அக்காவின் தலையைத் தொட்டுவிட்டு, பள்ளத்தில் இறங்கிப் போனார்.

தை பிறந்ததும் அக்கா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவின் பின்னால் மலை ஏறினாள். முதல் நாள் மாலை விரல்களெல்லாம் கறுத்து, வெடித்து வந்தாள். அப்பா தேங்காயெண்ணெய் எடுத்துத் தானே தடவி விட்டார். அவரைத் திட்டவும் விடமாட்டார், பாருங்கள்.

அதற்குப் பிறகு அவர் அந்தச் செடியைத் தொடவில்லை. பெண்களும் அதற்குக் கிட்டே நிற்பதில்லை, என்ன காரணமோ. மாசியில் கோயில் திருவிழா வந்தபோது செம்பருத்தி பூத்தது. பூத்தது என்றா சொல்வது? கிள்ளிய ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கொப்பு, ஒவ்வொரு கொப்பிலும் பூ. அடுக்கடுக்காக மஞ்சள், நடுவில் கொஞ்சம் சிவப்பு. இலை தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்தார்கள். அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா? கவ்வாத்தோட பலன்!"

எனக்கு அந்தச் செடியை வேரோடு பிடுங்கிப் போட வேண்டும் போலிருந்தது. அக்கா கோயிலுக்கென்று ஒரு கூடை பறித்து வைத்தாள். "நல்லாத்தான் பூத்திருக்கு" என்றாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். சில வருடம் கழித்துப் பதுளைப் பாடசாலைக்குப் போனவள் நான். அதே வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன், அக்கா மடித்துவைத்த மடிப்பைக்கூட அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. நான் ஆசிரியையானேன். தம்பி வங்கியில். எனக்கு நியமனம் கிடைத்த அன்று பசறை பஸ் நிலையத்தில் கண்டவர்களையெல்லாம் நிறுத்தி அப்பா சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேன், பக்கம் வெடிக்கும்னு." அக்கா பக்கத்தில் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள், சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அவர் சாகும்வரை தன் கணக்குச் சரி என்றே நினைத்திருந்தார். கணக்கு சரிதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது தப்பாகிப்போயிருந்தால் அவரிடம் சண்டை போட்டிருக்கலாம். நான் படித்த படிப்பே அவர் பக்கத்துச் சாட்சியாக இருக்கும்போது எந்த வாயால் சண்டை போடுவது?

அதனால்தான் இந்தச் சட்டிச் செம்பருத்தியை நான் கிள்ளவில்லை. ஒற்றைக் குச்சியாகவே போகட்டும், கூரையை இடிக்கட்டும், பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும். அது எங்கே போக நினைக்கிறதோ அங்கே போய்ப் பூக்கட்டும் என்று விட்டேன். போன கிழமை அதன் உச்சியில் முதல் மொட்டு வந்தது. வாங்கும்போது கடைக்காரருக்கு நிறம் தெரியவில்லை, எனக்கும் தெரியாது.

நேற்று அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் கண் காட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். மூத்தவள். கூடை சுமந்தே முதுகு வளைந்துவிட்டது. முற்றத்தில் நின்று, பேத்திக்கு வந்த வரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். படியில் கால் வைத்தபோது பார்க்கிறேன், அவள் வாய் பேசிக்கொண்டிருக்கிறது, கை செடியின் உச்சியில் இருக்கிறது. துளிரும் மொட்டுமாக நறுக்கென்று வந்தது. தோளுக்குப் பின்னால் வீசினாள். சீமெந்துத் தரையில் விழுந்தது.

"அக்கா! கைய எடுக்கா!"

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா திடுக்கிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள்.

"அடியாத்தி, நானா கிள்ளுனேன்?"

மெதுவாகத் திரும்பினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து தரையில் தடவி, மொட்டை எடுத்தாள். மருந்து விட்ட கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மஞ்சளா?"

"தெரியாதுக்கா. இன்னும் பூக்கல."

மொட்டைச் சட்டியின் விளிம்பில் வைத்தாள். பிறகு நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, சின்ன வயதில் என் தலையைச் செடிக்குள் அழுத்திய அதே கையால் என் தோளைத் தட்டினாள்.

"விடுடி" என்றாள். "பக்கத்துல வெடிக்கும்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் கையில் கொடுத்தேன்.